நம்ம படத்தை நாமே எடுப்போம்
போட்டோ பழகுவோருக்கு ஒரு பாடம்: இணுவில் கோயில் வீதியிலிருந்து லயத்து இஸ்தோப்பு வரை



தேயிலைப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு கொழுந்துக்காரப் பெண்ணின் படம் அநேகமாக அதில் இருக்கும். கலண்டரிலும் அவள்தான், சுற்றுலா விளம்பரத்திலும் அவள்தான். ஆனால் அந்தப் படத்தை எடுத்தவர் பெரும்பாலும் வெளியாள். படத்துக்குக் கீழே அவள் பெயரும் இருக்காது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். நாற்பது வருஷம் மலையில் கொழுந்தெடுத்த அம்மாச்சி கண்மூடினால், மாலை போட ஒரு நல்ல படம் வீட்டில் இருக்கிறதா? பெட்டி பெட்டியாகத் தேடி, கடைசியில் அடையாள அட்டையில் இருக்கும் சின்னப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பிக்கிறோம். வந்து பார்க்கிறவர்கள் "இது நம்ம அம்மாச்சி மாதிரியே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இன்று பல வீடுகளில் கமரா உள்ள போன் ஒன்றாவது இருக்கிறது. எனவே படம் இல்லாமல் போவதற்குக் காரணம் காசு மட்டுமல்ல, பழக்கமும்தான். அந்தப் பழக்கத்துக்கு உதவியாகவே இந்தப் பாடம். படத்தை எப்படி அமைப்பது, எடுத்த படத்தை எப்படித் திருத்துவது, எந்த எஃபெக்ட் உதவும், எது கெடுக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாடத்துக்கு ஏன் இணுவில்?

நமக்குப் பழகிப்போன இடத்தைக் கண் சரியாகப் பார்ப்பதில்லை. அதனால் முதலில் நம் மலைக்கு நேர்மாறான ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால், கொக்குவிலைத் தாண்டியதும் இணுவில். 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் திரும்ப ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில் இணுவிலுக்கும் ஒரு ஸ்டேஷன் உண்டு.

அந்த ஊரில் "தோட்டம்" என்றால் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் போடுகிற செம்மண் நிலம். நமக்குத் தோட்டம் என்றால் மலை. அங்கே தட்டை நிலமும் பனையும் கொளுத்தும் வெயிலும். இங்கே சரிவும் மூட்டமும் தூறலும். இந்த இரண்டு இடத்திலும் படம் எடுக்கத் தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் எடுக்கத் தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் பகுதி மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். இணுவிலும் அதில் அடங்கும். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்த அந்த நாளில், எத்தனையோ வீடுகளின் கலியாண ஆல்பங்கள் பின்னால் தங்கிவிட்டன. 1996இல் திரும்பி வந்தபோது பலருக்கு வீடே இல்லை, படத்துக்கு எங்கே போவது? மண்சரிவிலும் லயத்துத் தீயிலும் எல்லாவற்றையும் இழந்த நம் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. படம் எடுப்பது பாதி வேலை, அதைப் பாதுகாப்பது மீதிப் பாதி.

1. முதலில் வெளிச்சம்

போட்டோ என்பது வெளிச்சத்தால் எழுதுவது. நல்ல போன், கெட்ட போன் என்பதைவிட நல்ல வெளிச்சம், கெட்ட வெளிச்சம் என்பதே முக்கியம்.

இணுவிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவரை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தால் என்ன நடக்கும்? சூரியன் உச்சியில் நிற்பதால் கண் இரண்டும் குழிக்குள் கறுப்பாகப் போய்விடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், ஆள் கண்ணைச் சுருக்கிக்கொள்வார். அவரையே மாமர நிழலுக்கோ வீட்டு விறாந்தைக்கோ கூட்டிவந்து முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்கச் சொல்லுங்கள். வெளிச்சம் மெதுவாக முகம் முழுவதும் பரவும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் வெயில் சாய்ந்து விழும்போது செம்மண்ணும் பனையும் தாமாகவே அழகாகிவிடும்.

நம் பக்கத்தில் இதற்குச் சமமான இடம் இஸ்தோப்பு. காம்பராவின் உள்ளே இருட்டு, வெளியே கண்கூசும் வெளிச்சம், நடுவில் இஸ்தோப்பு. அதில் அம்மாச்சியை ஒரு கதிரையில் இருத்தி, "கொஞ்சம் வெளிய பார்த்து இருங்க அம்மாச்சி" என்று சொன்னால் போதும். பெரிய ஸ்டூடியோவில் கூட இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. நீங்கள் வாசலுக்கு வெளியே நின்று எடுங்கள். ஆனால் உங்கள் நிழல் அவர்மேல் விழக்கூடாது.

மூட்டத்தில் எடுக்கும்போது படம் மங்கலாக, சாம்பல் நிறமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். கமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சமாக்கவே பார்க்கும். வெள்ளை மூட்டத்தைக் கண்டால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்துக் குறைத்துவிடும். போன் திரையில் முகத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் பல போன்களில் சின்னச் சூரியன் அடையாளம் வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும். மூட்டத்தில் கொஞ்சம் கூட்டுங்கள். இருட்டான பின்னணியில் வெள்ளைச் சட்டைக்காரர் நின்றால் கொஞ்சம் குறையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கமராக் கண்ணாடியைத் துடையுங்கள். கொழுந்துக் கறை, வியர்வை, மூட்டத்து ஈரம் எல்லாம் அதில்தான் ஒட்டும். மென்மையான பருத்தித் துணி போதும்.

2. படத்தை அமைத்தல்

போனின் கமரா செட்டிங்ஸில் "கிரிட்" என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என நாலு கோடுகள் தெரியும், ஒன்பது கட்டம் வரும். முக்கியமான பொருளை நட்ட நடுவில் வைக்காமல், கோடுகள் வெட்டும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலேய ஓவியர் ஜோன் தோமஸ் ஸ்மித் 1797இலேயே இந்த மூன்றிலொரு பங்கு முறையை எழுதிவைத்தார். இது சட்டமில்லை, பழகுவதற்கு ஒரு பிடிமானம்.

இணுவில் வெளியில் நின்றால் அடிவானம் நேர்கோடாகத் தெரியும். அது படத்தின் நடுவில் வந்தால் படம் இரண்டு துண்டாகிவிடும். மழைமேகம் அழகாக இருந்தால் அடிவானத்தைக் கீழ்க்கோட்டில் வையுங்கள், செம்மண் பாத்திகள் அழகாக இருந்தால் மேல்க்கோட்டில் வையுங்கள். எதைக் காட்டப் போகிறோம் என்று முடிவெடுக்க இது நம்மைப் பழக்கும். மலையில் அடிவானம் சாய்ந்துதான் இருக்கும். அங்கே நிமிர்ந்து நிற்கும் சவுக்கு மரத்தையோ லயத்துத் தூணையோ பார்த்துப் போனை நேராகப் பிடியுங்கள்.

கோடுகளைப் பயன்படுத்துங்கள். பாத்தி, வேலி, தேயிலை நிரை, படிக்கட்டு எல்லாம் பார்ப்பவர் கண்ணை உள்ளே கூட்டிப்போகும். நிரையின் முடிவில் ஆள் நின்றால், கண் தானாக அவரிடம் போய்ச் சேரும்.

உயரமான பொருளுக்கு இணுவில் கந்தசுவாமி கோயிலின் திருமஞ்சத்தை உதாரணமாக எடுப்போம். மரச்சிற்ப வேலைக்குப் பேர்போன அந்தப் பெரிய மஞ்சம் தைப்பூசத் திருநாளில் வீதி உலா வரும். பக்கத்தில் நின்று போனை மேலே அண்ணாத்திப் பிடித்தால், மஞ்சம் பின்பக்கம் விழுவதுபோல் தெரியும். பல அடி தூரம் பின்னால் போய், போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். கூடவே வடம் பிடிக்கும் மக்களின் தலைகளையும் படத்தின் கீழ்ப்பகுதியில் சேருங்கள். ஆள் பக்கத்தில் இருந்தால்தான் மஞ்சம் எவ்வளவு பெரியது என்று விளங்கும். நம் தோட்டத்துக் காமன் கூத்திலும் மாரியம்மன் திருவிழாத் தேரிலும் இதே முறைதான். கோயிலுக்குள்ளே எடுப்பதற்கு முன் கேளுங்கள். மூலஸ்தானத்தைப் படம் எடுப்பது பல கோயில்களில் வழக்கமில்லை.

மூன்று சின்ன விஷயங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

அ) பிள்ளையைப் படம் எடுக்கும்போது குனிந்து எடுக்காமல், நீங்களும் உட்கார்ந்து பிள்ளையின் கண் மட்டத்தில் எடுங்கள். பிள்ளை மடுவத்தில் ஒருமுறை செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஆ) விரலால் இழுத்துப் பெருப்பிக்காதீர்கள். பல போன்களில் அது படத்தை வெட்டிப் பெருப்பிக்கும் வேலைதான், தெளிவு போய்விடும். முடிந்தவரை நாலு அடி முன்னுக்கு நடங்கள்.

இ) அமத்துவதற்கு முன் ஆளின் தலைக்குப் பின்னால் பாருங்கள். தலையிலிருந்து தந்திக்கம்பம் முளைத்தது போலவோ, தோளில் நீல வாளி தொங்குவது போலவோ இருந்தால் ஓரடி தள்ளி நில்லுங்கள்.

3. அசைவைப் பிடித்தல்

இணுவில் இசைக்கு வேர்விட்ட ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) பிறந்த ஊர் அது. தவில் வாசிப்பவரைப் படம் எடுப்பது நல்ல பயிற்சி. கை மின்னல் வேகத்தில் ஓடும், முகம் அமைதியாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் கமரா கதவு கண்ணிமைக்கும் நேரத்தை விடக் குறைவாகத் திறந்து மூடுவதால் கை உறைந்து நிற்கும். இரவில் வெளிச்சம் போதாமல் அது அதிக நேரம் திறந்திருக்கும், ஆகவே கை புகைபோலக் கலங்கும். கலங்கிய எல்லாமே பிழை என்று நினைக்க வேண்டாம். முகம் தெளிவாக இருந்து கை மட்டும் கலங்கினால், தவிலின் சத்தமே படத்தில் கேட்பதுபோல் இருக்கும்.

ஆனால் உங்கள் கை ஆடினால் எல்லாமே கலங்கும். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, சுவரிலோ மரத்திலோ சாய்ந்து, மூச்சை ஒரு நொடி பிடித்து அமத்துங்கள். கொழுந்தெடுக்கும் கைகளையும் இப்படியே பழகலாம்.

4. படத்துக்குக் கவ்வாத்து

திருத்துவதை, அதாவது எடிட்டிங்கை, நம்ம ஆட்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். அது கவ்வாத்து. தேவையில்லாத கிளையை வெட்டினால் செடி நன்றாக வரும். அடியோடு வெட்டினால் செடியே போய்விடும்.

போனில் உள்ள கெலரியிலேயே "எடிட்" என்ற இடம் இருக்கும். கூகுள் நிறுவனத்தின் ஸ்னாப்சீட் போன்ற இலவச செயலிகளும் உண்டு. எதில் செய்தாலும் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

முதலாவது: அசல் படத்தை அப்படியே விட்டு, ஒரு பிரதி எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜேபெக் படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தெளிவு குறையும்.

இரண்டாவது: சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள்.

மூன்றாவது: ஓரத்தில் உள்ள வேண்டாததை வெட்டுங்கள். ஆளின் கை மணிக்கட்டிலும் கால் கணுக்காலிலும் வெட்டுப்படக்கூடாது. இடுப்புக்கு மேலோ நெஞ்சுக்கு மேலோ வெட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்கும்.

நாலாவது: வெளிச்சம். முழுப் படத்தையும் கூட்டாமல் "ஷெடோஸ்" என்பதை மட்டும் கூட்டினால், இருட்டில் கிடக்கும் முகம் தெரியவரும், வானம் வெளுத்துப் போகாது. வானம் ஏற்கெனவே முழு வெள்ளையாகப் போயிருந்தால் எந்தத் திருத்தமும் அதைத் திருப்பித் தராது. அதனால்தான் எடுக்கும்போதே கவனம் வேண்டும்.

ஐந்தாவது: நிறம். செம்மண் அருகில் எடுத்த படத்தில் முகம் சிவந்திருக்கும், குண்டு பல்ப் வெளிச்சத்தில் மஞ்சளாக இருக்கும், மூட்டத்தில் நீலமாக இருக்கும். "டெம்பரேச்சர்" என்ற கோலை இரண்டு பக்கமும் தள்ளி, வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஆறாவது: கூர்மையை மிகக் கொஞ்சம் கூட்டி முடியுங்கள். கூடினால் மண் கொட்டிய மாதிரி ஆகிவிடும்.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். 4 க்கு 6 அங்குலப் படம் தெளிவாக அச்சாக, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1200 க்கு 1800 புள்ளிகள் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் 4000 க்கு 3000 புள்ளிப் படம் தரும். அப்படியென்றால் வெட்டுவதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் பத்துப் பேர் நிற்கும் கூட்டப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டினால் சில நூறு புள்ளிகள்தான் மிஞ்சும். பெரிய பனருக்கு அது போதாது. எனவே ஒவ்வொருவரையும் தனியாகவும் ஒரு படம் எடுத்துவைப்பதே நல்லது.

5. எஃபெக்ட் – உப்பு அளவுக்கு

எஃபெக்ட் என்பது போனோடு வந்த புதுமையல்ல. கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையில் கடதாசியும் இரசாயனமும் கொண்டே இரண்டு படங்களை ஒன்றாக்கினார். படத்தைக் கழுவும்போது நடுவில் வெளிச்சம் காட்டி, உருவத்தைச் சுற்றிக் கோடு விழவைத்தார். இன்றும் அவர் படங்கள் பேசப்படுகின்றன. காரணம், எஃபெக்டுக்கு முன்னமே அவர் படத்தின் அமைப்பு சரியாக இருந்தது. அடோபி போட்டோஷொப் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1990இல். இன்று அந்த வேலைகளில் பல நம் விரல் நுனிக்கு வந்துவிட்டன.

கறுப்பு வெள்ளை: பல நிறம் கலந்து முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தால் இதைப் போடுங்கள். சுருக்கம் விழுந்த முகத்துக்கும் உழைத்த கைக்கும் மிகவும் பொருந்தும்.

ஓர இருட்டு: படத்தின் நாலு மூலையையும் மெல்ல இருட்டாக்கினால் கண் நடுவுக்குப் போகும். இருட்டாக்கியது தெரியாத அளவுக்குப் போடுங்கள்.

பின்னணி மங்கல்: போன் தானாகப் பின்னணியை மங்கச் செய்யும்போது தலைமுடியையும் தோட்டையும் கூடைக் கயிற்றையும் சேர்த்து அழித்துவிடும். பெருப்பித்துப் பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

முகம் வெளுக்கும் எஃபெக்ட்: இது வேண்டவே வேண்டாம். பழைய ஸ்டூடியோக்களில் பவுடர் பூசி வெளுப்பாக்கினார்கள், இன்று போன் அதைச் செய்கிறது. நம் பிள்ளைகள் தங்கள் சொந்த நிறத்தைத் திருத்த வேண்டிய பிழையாக எண்ணி வளரக்கூடாது. அம்மாச்சியின் சுருக்கத்தை வழித்தெடுத்தால் மிஞ்சுவது அம்மாச்சி இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. மங்கிய பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் புதிதாக்கித் தரும் செயலிகள் வந்திருக்கின்றன. படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அவை தாமாக வரைந்துவிடும். பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் அது வேறு ஒருவரின் முகம். பழைய படத்தை ஜன்னலோரம் நிழலில் வைத்து, பிளாஷ் போடாமல், போனை அதற்கு நேராகப் பிடித்துப் படம் எடுங்கள். கண்ணாடிச் சட்டம் இருந்தால் கழற்றிவிடுங்கள், ஆனால் படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். கீறலை மட்டும் "ஹீலிங்" கருவியால் மறையுங்கள். மங்கலாக இருந்தாலும் அது உங்கள் தாத்தாவின் கண்தான்.

அடையாள அட்டைப் படத்தை வீட்டில் திருத்த முயல வேண்டாம். அதற்கென்று பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுப்பதே முறை.

6. கேட்டு எடுங்கள், பாதுகாத்து வையுங்கள்

நம்மைக் கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி நமக்குக் குறை உண்டு. அதையே நாம் அடுத்தவருக்குச் செய்யக்கூடாது. "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். பிள்ளைகளின் படத்தைப் பேஸ்புக்கில் போடுமுன் தாய் தகப்பனிடம் கேளுங்கள். ரயில் பாதையில் நின்றும், ஓடும் ரயிலின் கதவில் தொங்கியும் படம் எடுக்க வேண்டாம். எந்தப் படமும் அந்த விலைக்குப் பெறுமதியில்லை.

படம் போனில் மட்டும் இருந்தால், போன் தண்ணீரில் விழுந்த அன்றே எல்லாம் போய்விடும். வெளியூரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், "டொக்கியுமென்ட்" என்று தெரிவுசெய்து அனுப்புங்கள். வருஷத்துக்கு ஐந்து படமாவது அச்செடுத்து, பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், திகதி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிறப்புச் சான்றிதழ்களோடு வையுங்கள். அவசரத்தில் கையில் எடுப்பது அந்தப் பையைத்தானே.

நாற்பத்தெட்டு வயதில் தொடங்கியவர்

"இந்த வயசுல நமக்கு எதுக்குங்க கமரா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1863இல் மகள் பரிசாகக் கொடுத்த கமராவோடு படம் எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 48. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, எதிரே இருப்பவரை நிமிடக்கணக்கில் அசையாமல் இருத்தி எடுத்த காலம் அது. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். இங்கேயும் தோட்டத்து மக்களையும் ஊர் மக்களையும் படம் எடுத்தார். அவற்றில் முப்பதுக்கும் குறைவானவையே மிஞ்சியிருக்கின்றன. 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கேன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அந்தப் படங்களில் உள்ள நம் முன்னோர் பலரின் பெயர் யாருக்கும் தெரியாது. எடுத்தவரின் பெயர் மட்டும் நிலைத்தது. இனிமேல் இரண்டு பெயரும் நிலைக்க வேண்டும்.

ஒரு மாதப் பயிற்சி

முதல் வாரம்: ஒரே ஆளை ஒரே நாளில் காலை, பகல், மாலை மூன்று நேரமும் எடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் வாரம்: கிரிட் போட்டு, ஒரே காட்சியை ஐந்து இடத்தில் நின்று எடுங்கள். நல்லதொன்றைத் தெரிந்து, ஏன் நல்லது என்று ஒரு வரி எழுதுங்கள்.

மூன்றாம் வாரம்: ஒரு படத்தை மேலே சொன்ன ஆறு படியிலும் திருத்துங்கள். மறுநாள் காலையில் அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் அழகாகத் தெரிந்தது மறுநாள் கூடிப்போனதாகத் தெரிந்தால், பாதியாகக் குறையுங்கள்.

நாலாம் வாரம்: உங்கள் லயத்திலேயே வயது கூடியவர் யார் என்று கேளுங்கள். அவரை இஸ்தோப்பில் இருத்தி, அவருக்குப் பிடித்த சீலையோ சட்டையோ உடுக்கச் சொல்லி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பத்துப் படம் எடுங்கள். நல்லதை அச்செடுத்து, பின்னால் பெயரை எழுதி, முதல் பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள்.